சமூக, பண்பாட்டு மானிடவியலில் முதுகலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிடவியலில் முதுகலை சேரலாமா என்று யோசிப்பவர்களும், சேர்ந்துவிட்டு முதல் செமஸ்டரிலேயே திகைத்து நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்தப் படிப்பைப் படித்தவன், இப்போது ஆய்வேடு எழுதும் மாணவர்களோடு உட்காருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அவற்றுக்கு அந்தந்தத் துறையின் கையேடுதான் இறுதி.

எலும்பு, மண்டை ஓடு, அகழாய்வு எல்லாம் படிக்க வேண்டியிருக்குமா?

பட்டத்தின் பெயரில் ‘சமூக’ என்றோ ‘பண்பாட்டு’ என்றோ இருந்தால் பெரும்பாலும் வேண்டியிருக்காது. அமெரிக்க மரபில் மானிடவியலுக்கு நான்கு கிளைகள்: பண்பாட்டு மானிடவியல், உடல்சார் மானிடவியல், தொல்லியல், மொழியியல் மானிடவியல். நான்கையும் தொட்டுச் செல்லும் துறைகள் அங்கே உண்டு. இந்தியாவிலும் பொது மானிடவியல் முதுகலையில் உடலமைப்பு, மரபியல், தொல்பழங்காலம் எல்லாம் பாடமாக வருவது வழக்கம். பிரிட்டனில் சமூக மானிடவியல் பெரும்பாலும் தனித்துறையாகவே வளர்ந்தது. ஆக, பெயரை மட்டும் நம்பாமல் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் எதைத்தான் படிக்கிறோம்?

மனிதர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து வாழும் விதத்தை. யாரை உறவு என்று எண்ணுகிறார்கள், வாங்கிய கடனை எப்போது, எப்படித் திருப்புகிறார்கள், நோய் வந்தால் முதலில் யாரிடம் போகிறார்கள், அதிகாரத்துக்கு எப்போது பணிகிறார்கள், எப்போது பணிவதுபோல நடிக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் வரும். இடம் மலைக்கிராமமாகவும் இருக்கலாம், பங்குச்சந்தை அலுவலகமாகவும் இருக்கலாம். உறவுமுறை, பொருளாதாரம், அரசியல், சமயம் ஆகிய நான்கும் பழைய தூண்கள். மருத்துவ மானிடவியல், சுற்றுச்சூழல், புலம்பெயர்வு, அறிவியலும் தொழில்நுட்பமும் ஆகியவை பின்னால் வந்து சேர்ந்தவை. இன்று மாணவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது இவற்றைத்தான்.

‘சமூக’ மானிடவியல் வேறு, ‘பண்பாட்டு’ மானிடவியல் வேறா?

மரபு வேறு. ராட்கிளிஃப் பிரவுன் வழிவந்த பிரிட்டிஷ்காரர்கள் சமூக அமைப்பை முன்வைத்தார்கள். ஃபிரான்ஸ் போவாஸ் வழிவந்த அமெரிக்கர்கள் பண்பாட்டை முன்வைத்தார்கள். இன்று இரு பக்கமும் ஒரே நூல்களைத்தான் வாசிக்கிறார்கள். பட்டத்தின் பெயரை வைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

சமூகவியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. சில பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஒரே துறை. ஆனால் வேலை செய்யும் முறையில் ஒரு வித்தியாசம் உண்டு. சமூகவியலர் பல நேரம் கேள்வியை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குத் தரவு தேடுவார். மானிடவியலர் ஒரு கேள்வியோடு போவார். அந்த இடத்து மனிதர்கள் அதைப் புரட்டிப்போடுவார்கள். புரட்டிய கேள்வியோடு திரும்பி வருவார்.

பிரிட்டிஷ் மானிடவியலர் இவான்ஸ் பிரிட்சர்ட் 1937இல் வெளியிட்ட, மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றிய ஆய்வில் இது நன்றாகத் தெரியும். தானியக் குதிர் ஒன்று இடிந்து, நிழலுக்கு அதன் கீழே உட்கார்ந்திருந்தவர்கள்மேல் விழுகிறது. கால்களைக் கரையான் அரித்ததால்தான் குதிர் விழுந்தது என்று அசாண்டேக்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்பது வேறு: அந்த ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்த அந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது? கரையானால் இதற்குப் பதில் சொல்ல முடியாது; சூனியத்தால் முடியும். ‘இவர்கள் ஏன் சூனியத்தை நம்புகிறார்கள்’ என்று கேட்டுக்கொண்டு போனவருக்கு ‘இவர்கள் எந்தக் கேள்விக்குச் சூனியத்தைப் பதிலாக வைத்திருக்கிறார்கள்’ என்ற கேள்வி கிடைத்துவிட்டது. முதுகலையில் நீங்கள் பழகப்போவது இதைத்தான். மற்ற பாடங்களெல்லாம் இதற்குத் துணை.

இது காலனியத் துறை இல்லையா? ‘பழங்குடிகளை’ வெள்ளைக்காரர்கள் ஆராய்ந்த கதைதானே?

அந்தக் கதையும்தான். அதை மறைக்கும் துறையில் சேர வேண்டாம். காலனிய நிர்வாகத்தின் நிழலில்தான் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதிக் களப்பணி பெரும்பாலும் நடந்தது. சூடானின் நூவர் மக்களைப் பற்றிய இவான்ஸ் பிரிட்சர்டின் ஆய்வே சூடான் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் தொடங்கியது. மானிடவியலர் தலால் அசாத் 1973இல் தொகுத்த நூல் இந்த உறவைத் துறைக்குள்ளிருந்தே கேள்விக்கு உள்ளாக்கியது. 1980களில், இனவரைவியலை யார், யாருக்காக, எந்தக் குரலில் எழுதுகிறார்கள் என்ற விவாதம் கொழுந்துவிட்டு எரிந்தது. இனவரைவியல் என்பது ஒரு மக்கள் கூட்டத்தோடு நீண்டநாள் இருந்து எழுதும் விவரிப்பு. இந்தத் துறையின் மையமான எழுத்து வடிவம் அது.

இந்த விமர்சனம் இன்று எல்லா நல்ல பாடத்திட்டத்திலும் உண்டு. என் வருத்தமெல்லாம் வேறு. சில மாணவர்கள் விமர்சனத்தை மட்டும் படித்துவிட்டு, விமர்சிக்கப்பட்ட நூல்களைத் திறக்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். திட்டுவதற்காவது படியுங்கள்.

நான் படித்தது பொறியியல் (அல்லது வணிகவியல், இலக்கியம், செவிலியம்). சேர முடியுமா?

பல இடங்களில் முடியும். துறையின் முன்னோடிகளே வெளியிலிருந்து வந்தவர்கள்தான். போவாஸ் இயற்பியல் படித்து, கடல்நீரின் நிறத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1881இல் முனைவர் பட்டம் வாங்கியவர். மாலினோவ்ஸ்கி தத்துவத்தில் முனைவர். எட்மண்ட் லீச் பொறியியல் படித்தவர்.

சில பல்கலைக்கழகங்கள் பிற துறையினருக்கென்றே தனி முதுகலை நடத்துகின்றன. வேறு சில இடங்களில் முதல் செமஸ்டரில் அடிப்படைத் தாள்கள் எழுதச் சொல்வார்கள். ஐரோப்பாவில் சில துறைகள் இளங்கலையில் குறிப்பிட்ட அளவு சமூக அறிவியல் மதிப்பலகுகள் (கிரெடிட்) இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கும். அங்கே விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர் போன்றவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. மற்ற மாணவர்கள் மாதக்கணக்கில் கெஞ்சி நுழைய வேண்டிய இடத்துக்குள் நீங்கள் ஏற்கெனவே இருந்திருக்கிறீர்கள்.

ஒரு வருடப் படிப்பா, இரண்டு வருடப் படிப்பா?

பிரிட்டனில் பெரும்பாலும் ஒரு வருடம், அந்நாட்டுக் கணக்கில் 180 மதிப்பலகுகள். ஐரோப்பாவின் பிற நாடுகளில் பெரும்பாலும் இரண்டு வருடம், ஐரோப்பியக் கணக்கில் 120. இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு வருடம். அமெரிக்காவில் பல துறைகள் தனி முதுகலைக்கு ஆள் எடுப்பதில்லை. முனைவர் படிப்புக்குச் சேர்ந்தவர்கள் போகிற வழியில் முதுகலை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு வருடப் படிப்பில் செலவும் காலமும் குறையும். ஆனால் களப்பணிக்குக் கோடை விடுமுறையில் சில வாரங்கள்தான் கிடைக்கும். சில திட்டங்களில் அதுவும் கிடையாது, நூலக ஆய்வேடுதான். இரண்டு வருடத் திட்டங்கள் சிலவற்றில் ஒரு முழு செமஸ்டரையே களத்துக்கு ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால், பல்கலைக்கழகத்தின் பெயர், தரவரிசை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: களத்தில் எத்தனை வாரம் இருக்க விடுவார்கள், அங்கே நான் எழுதும் குறிப்புகளை யார் வாசிப்பார்கள்?

அப்படியானால் பல்கலைக்கழகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆட்களைப் பாருங்கள். உங்களுக்கு ஆர்வமுள்ள பொருளில் அல்லது நிலப்பகுதியில் வேலை செய்பவர்கள் இரண்டு பேராவது துறையில் இருக்க வேண்டும். ஒருவர்தான் என்றால், அவர் அந்த ஆண்டு ஆய்வு விடுப்பில் போய்விட்டால் நீங்கள் தனி. அவர்கள் அண்மையில் எழுதிய ஒரு கட்டுரையையாவது வாசியுங்கள். அப்புறம், இப்போது அங்கே படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்து, ‘ஆய்வேட்டு வரைவைக் கொடுத்தால் கருத்துச் சொல்ல எத்தனை நாள் ஆகும்?’ என்று கேளுங்கள். எந்தக் கையேட்டிலும் அச்சாகாத தகவல் இது.

நோக்க அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?

‘சிறுவயதிலிருந்தே மனிதர்களையும் பண்பாடுகளையும் அறியும் ஆர்வம் எனக்கு உண்டு.’ தேர்வுக்குழு இந்த வாக்கியத்தை ஒவ்வொரு ஆண்டும் மூட்டை மூட்டையாக வாசிக்கிறது. இதை எடுத்துவிட்டு, உங்களை விடாமல் துரத்தும் ஒரு சின்ன விஷயத்தை வையுங்கள். உதாரணமாக: ‘நான் வேலை பார்த்த கிடங்கில் கைக்கருவி ஒன்று ஒவ்வொருவரின் வேகத்தையும் அளந்தது. ஆனால் புதிதாக வந்தவர்களின் கணக்கில் பெட்டி எண்ணிக்கை குறையாமலிருக்க, மூத்தவர்கள் தங்கள் பெட்டிகளை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அளவீட்டுக்குள் இப்படியொரு கொடுக்கல்வாங்கல் எப்படி உருவாகிறது என்று அறிய விரும்புகிறேன்.’ இதில் இடம் இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள், ஒரு முரண் இருக்கிறது. கோட்பாட்டுப் பெயர்கள் ஒன்றிரண்டு போதும், அதுவும் நீங்கள் உண்மையிலேயே வாசித்தவையாக இருக்க வேண்டும், நேர்காணலில் கேட்பார்கள்.

வாசிப்புச் சுமை எவ்வளவு இருக்கும்?

அதிகம். ஒரு தாளுக்கு வாரம் மூன்று, நான்கு கட்டுரைகளோ ஒரு முழு நூலோ வரும். அப்படி மூன்று தாள்கள். எல்லாவற்றையும் வரிவரியாக வாசிக்க முயல்பவர்கள் மூன்றாவது வாரத்தில் படுத்துவிடுகிறார்கள்.

இனவரைவியல் நூலை வாசிக்க ஒரு வழி: முன்னுரையை முழுதாக வாசியுங்கள். பிறகு ஏதாவது ஓர் அத்தியாயத்தை எடுத்து, மிகப் பொறுமையாக, பென்சிலோடு வாசியுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ‘இது இவருக்கு எப்படித் தெரியும்?’ என்று ஓரத்தில் குறியுங்கள். கண்ணால் பார்த்தாரா, யாராவது சொன்னார்களா, ஆவணத்தில் படித்தாரா, ஊகமா? ஓர் அத்தியாயத்தை இப்படி வாசித்தாலே அந்த ஆசிரியரின் பலமும் ஓட்டையும் தெரிந்துவிடும். மற்ற அத்தியாயங்களை வேகமாகப் புரட்டலாம். கொடை, கைம்மாறு பற்றி மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட நீள்கட்டுரை மாதிரி சில உண்டு. அவற்றை மட்டும் இரண்டு முறை முழுதாக வாசித்துவிடுங்கள், எந்தத் தாள் எடுத்தாலும் திரும்பி வரும்.

களப்பணி என்றால் உண்மையில் என்ன செய்வது?

மாலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையே இரண்டு தவணைகளாக, இன்றைய பப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கினார். கூடாரம் அடித்து, மொழி கற்று, கழுத்தணிகளும் கையணிகளும் எதிரெதிர்த் திசைகளில் தீவு தீவாகச் சுற்றிவரும் குலா பரிமாற்றத்தைப் பதிவு செய்தார். அதை விளக்கும் நூல் 1922இல் வெளிவந்தது. பங்கேற்று நோக்கல் என்று இன்று சொல்லும் முறைக்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று. அவர் இறந்த பிறகு 1967இல் அவருடைய நாட்குறிப்பும் வெளிவந்தது. சலிப்பு, தனிமை, அந்த மக்கள்மேல் எரிச்சல், இழிவான சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. துறையே அதிர்ந்தது. களத்தில் எரிச்சல் வரும் என்பதை மாணவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள அது உதவுகிறது. வந்த எரிச்சலையும் குறிப்பில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

முதுகலை மாணவருக்கு இரண்டு ஆண்டெல்லாம் கிடைக்காது. சில வாரம், அதிகம் போனால் சில மாதம். அதனால் இடத்தைச் சிறிதாக்குங்கள்: ஒரு காத்திருப்பு அறை, ஒரு பழுதுபார்க்கும் பட்டறை, ஒரு பாடகர் குழு. அங்கே போங்கள், இருங்கள், முடிந்தால் அவர்கள் செய்யும் வேலையில் கைகொடுங்கள். அன்றன்று இரவே எழுதுங்கள்.

எழுதுவது என்றால் எப்படி என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்த மாணவர் முதலில் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

‘கூட்டம் அதிகம். நோயாளிகள் பொறுமையிழந்து காணப்பட்டார்கள். டோக்கன் முறை சரியாக இயங்கவில்லை.’

இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, மூன்றும் தீர்ப்புகள். அதே அரை மணி நேரத்தை இப்படி எழுதலாம்:

‘காலை 9.40. நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. 31ஆம் எண்ணை அழைக்கிறார்கள். கதவருகே நிற்கும் முதியவர் தன் சீட்டைப் பார்க்கிறார், மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார், மறுபடி எடுத்துப் பார்க்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், அவர் கேட்காமலே, “உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர்தான்” என்கிறார். 32 உள்ளே போய் வருகிறது. 33க்கு உரியவர் இல்லை. செவிலியர் மூன்று முறை கூப்பிடுகிறார். முதியவர் உடனே நகரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்கிறார். அவர் தலையசைத்த பிறகுதான் கதவை நோக்கி நடக்கிறார்.’

இரண்டாவது குறிப்பில் ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. வரிசையை நடத்துவது சுவரில் ஒளிரும் எண்ணா, காத்திருப்பவர்களா? ‘காத்திருப்பு நேரம் ஏன் அதிகம்’ என்று தொடங்கிய ஆய்வு இந்த இடத்தில் திரும்பலாம். அந்தப் பெண் யார், தினமும் வருகிறவரா, அவருக்கு யார் இந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள் என்று மறுநாள் விசாரிக்கப் போகலாம்.

நேர்காணலில் ஆட்கள் நமக்குப் பிடித்த பதிலையே சொல்கிறார்களே?

கேள்வி அப்படி இருந்திருக்கும். ‘நீங்கள் மருத்துவர்களை நம்புகிறீர்களா?’ என்றால் யாரும் ‘ஆமாம்’ என்பார்கள். ‘போன முறை காய்ச்சல் வந்தபோது முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அவர் என்ன சொன்னார்? அப்புறம்?’ என்று கேளுங்கள். கருத்தைக் கேட்டால் கருத்து வரும்; நடந்ததைக் கேட்டால் கதை வரும். கதைக்குள் கருத்து தானாக இருக்கும். அப்புறம், அமைதியைக் கண்டு பயப்படாதீர்கள். பதில் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த கேள்விக்குத் தாவும்போதுதான் பல நல்ல பதில்கள் கெட்டுப்போகின்றன.

தூர தேசத்துக்குத்தான் போக வேண்டுமா? சொந்தச் சமூகத்தை ஆராயலாமா?

தாராளமாக. போவாஸின் மாணவியான ஸோரா நீல் ஹர்ஸ்டன் தான் வளர்ந்த புளோரிடா ஊருக்கே திரும்பிப் போய் வாய்மொழிக் கதைகளைத் தொகுத்தார். லாரா நேடர் 1972இல் வெளியான கட்டுரையில், எளியவர்களையே ஆராய்ந்துகொண்டிருக்காமல் வங்கிகளையும் பெருநிறுவனங்களையும் அரசு அலுவலகங்களையும் ஆராயுங்கள் என்று கேட்டார். டாம் போல்ஸ்டார்ஃப் ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகத்துக்குள்ளேயே களப்பணி செய்து 2008இல் நூலாக்கினார்.

சொந்த இடத்தில் மொழியும் நுழைவும் எளிது. சங்கடம் எங்கே என்றால், ‘இதுகூடவா தெரியாது?’ என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். வெளியாள் கேட்டால் விளக்குகிற விஷயத்தை உங்களுக்கு விளக்க மாட்டார்கள். நீங்களும் பல விஷயங்களை எழுதத் தகுந்தவையாகவே நினைக்க மாட்டீர்கள். அதனால் முதல் வாரத்தில், வெட்கப்படாமல், மிகச் சாதாரணமானவற்றைக்கூட எழுதி வையுங்கள்.

அறநெறிக் குழு ஒப்புதல் இவ்வளவு நாள் இழுக்கிறதே, அது வெறும் காகித வேலையா?

பாதி காகித வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பின்னணி பெரியது. 2007இல் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் ராணுவத்தோடு சமூக அறிவியலர்களை அனுப்பிய அமெரிக்கத் திட்டத்தை அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் செயற்குழு வெளிப்படையாக எதிர்த்தது. நம்மிடம் மனம் திறந்து பேசியவர்களுக்கு அந்தப் பேச்சே கேடாக முடியலாம் என்பது வெறும் கற்பனை இல்லை. தீங்கு செய்யாதே என்பதுதான் அந்தச் சங்கத்தின் அறநெறியிலும் முதல் விதி.

நடைமுறையில்: விண்ணப்பத்தைக் களத்துக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். சிறுவர்கள், நோயாளிகள், கைதிகள், ஆவணமில்லாப் புலம்பெயர்ந்தோர் ஆகியோர் வந்தால் இன்னும் முன்னதாக. எழுத்தில் கையெழுத்து வாங்குவதே ஆபத்தாக அமையும் இடங்களில் வாய்மொழி ஒப்புதல் போதும் என்று கேட்டு வாங்கலாம். பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. ‘அந்த ஊரின் ஒரே பெண் ஓட்டுநர்’ என்று எழுதிவிட்டுப் பெயரை மாற்றி என்ன பயன்? உங்கள் பாதுகாப்பும் இதில் அடக்கம். தினமும் யாருக்குத் தகவல் சொல்வீர்கள், தொந்தரவு வந்தால் எங்கே போவீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். அதை மட்டும் ஒப்புக்கு நிரப்பாதீர்கள். தொந்தரவு வந்தால் ஆய்வை விட்டுவிட்டுத் திரும்புவது தோல்வி இல்லை என்று நெறியாளர் வாயால் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குறிப்புகளை எப்படிப் பாதுகாப்பது?

இந்திய மானிடவியலர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று அவர் பெயரிட்ட ஊரில் களப்பணி செய்தவர். பல ஆண்டு உழைத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்தில் இருந்தன. அந்த மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். மூன்றும் போயின. பிறகு பெருமளவு நினைவிலிருந்தே எழுதி 1976இல் வெளியிட்ட நூல்தான் இன்று அவருடைய புகழ்பெற்ற படைப்பு. நமக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று சொல்ல முடியாது. மூன்று பிரதிகள் ஒரே இடத்தில் இருந்தால் அது ஒரு பிரதிதான். ஒன்று கடவுச்சொல் பூட்டிய கணினியில், ஒன்று பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் இருக்கட்டும். உண்மைப் பெயர்ப் பட்டியல் இரண்டிலிருந்தும் விலகி வேறிடத்தில்.

ஒலிப்பதிவுகளை எழுத்தாக்க ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா?

உங்கள் ஒப்புதல் படிவம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். ‘நானும் என் நெறியாளரும் மட்டுமே கேட்போம்’ என்று சொல்லிவிட்டு, அந்தக் குரலை ஏதோவொரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்றினால் அது வாக்கு மீறல். பல்கலைக்கழகம் அனுமதித்த கருவி இருந்தால், அதைப் படிவத்திலேயே குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனாலும் ஒலிப்பதிவில் சிலவற்றையாவது கையால் எழுத்தாக்குங்கள். எங்கே தயங்கினார், எங்கே சிரித்தார், எங்கே குரலைத் தாழ்த்தினார் என்பது அப்போதுதான் காதில் விழும்.

ஆய்வேடு எவ்வளவு நீளம்? எப்போது எழுதத் தொடங்குவது?

ஒரு வருடப் படிப்பில் பெரும்பாலும் 10,000 முதல் 15,000 சொற்கள்; இரண்டு வருடப் படிப்பில் அதைவிட நீளம். ‘தரவு எல்லாம் கிடைத்த பிறகு எழுதுகிறேன்’ என்பவர்கள் எழுதி முடிப்பதைப் பார்ப்பது அரிது. களத்திலிருந்து திரும்பிய முதல் வாரத்தில், நூல்களைத் திறக்காமல், உங்களை மிகவும் உறுத்திய மூன்று காட்சிகளை மட்டும் விரிவாக எழுதி நெறியாளரிடம் கொடுங்கள். அவற்றிலிருந்துதான் அத்தியாயங்கள் முளைக்கும். கோட்பாட்டு அத்தியாயத்தை முதலில் எழுதினால், பிறகு காட்சிகளை அதற்கு ஏற்றாற்போல் வெட்ட வேண்டி வரும்.

போகும்போது இருந்த கேள்வியும் எழுதும்போது இருக்கும் கேள்வியும் வேறாகிவிட்டதே என்று பதறாதீர்கள். மாறாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். எங்கே மாறியது, யார் மாற்றினார்கள் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள். தேர்வாளர்கள் ஆர்வத்தோடு வாசிக்கும் பக்கம் அது.

வேலை கிடைக்குமா?

‘மானிடவியலர் தேவை’ என்ற விளம்பரம் அபூர்வம். அந்தத் திறமை வேண்டும் என்ற விளம்பரம் வேறு பெயர்களில் வரும்: பயனர் ஆய்வாளர், சமூகத் தாக்க மதிப்பீட்டாளர், அருங்காட்சியகக் காப்பாளர், பொதுச் சுகாதாரத் திட்ட அலுவலர், புலம்பெயர்ந்தோர் நல ஆலோசகர், பண்புசார் (எண்களைச் சாராத) ஆய்வாளர்.

தொழில்நுட்ப நிறுவனங்கள் இந்தப் பக்கம் திரும்பியது புதிதல்ல. 1980களிலேயே லூசி சக்மன் ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில், நகலெடுக்கும் இயந்திரத்தோடு மனிதர்கள் திண்டாடுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சுகாதாரத்தில் இதன் பயன் இன்னும் நேரடியாகத் தெரிந்தது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் உடலை அள்ளிக்கொண்டு போனதைக் குடும்பங்கள் எதிர்த்தன. சில இடங்களில் இறப்பையே மறைத்தன. குடும்பம் அருகில் நிற்கவும் வழிபடவும் இடம்தரும் ‘பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்’ என்ற நெறிமுறையை உலகச் சுகாதார அமைப்பு அந்த ஆண்டே வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் மருத்துவ மானிடவியலர்களும் உண்டு.

இருந்தாலும் பட்டம் மட்டும் வேலை வாங்கித் தந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். படிக்கும்போதே கூடுதலாக ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்: அடிப்படைப் புள்ளியியல், இன்னொரு மொழி, அல்லது ஆவணப்படத் தொகுப்பு. நேர்காணலில் ‘பங்கேற்று நோக்கல் செய்தேன்’ என்று சொன்னால் எதிரே இருப்பவருக்குப் புரியாது. ‘ஒரு மருத்துவமனையில் இரண்டு மாதம் உட்கார்ந்து, நோயாளிகள் ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று கண்டுபிடித்தேன்’ என்றால் புரியும்.

முனைவர் பட்டமும் செய்ய வேண்டுமா?

பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக வேண்டுமென்றால் ஆம். அதில் களப்பணி மட்டுமே ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும், நிரந்தர வேலைகளும் குறைவு. முதுகலை ஆய்வேட்டை எழுதி முடித்த பிறகும் அந்தக் கேள்வி உங்களை விடவில்லை என்றால் யோசியுங்கள். வேறென்ன செய்வது என்று தெரியாமல் சேர வேண்டாம்.

உதவித்தொகை?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டங்கள், பிரிட்டனின் செவனிங், காமன்வெல்த் உதவித்தொகைகள் ஆகியவற்றைப் பாருங்கள். செவனிங்குக்கு ஏறத்தாழ இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். மானிடவியலுக்கென்றே நிதி தரும் வென்னர் கிரென் அறக்கட்டளை முனைவர் நிலைக்கும் அதற்கு மேலும்தான் களப்பணி நிதி தருகிறது. முதுகலைக்கு அங்கே விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். களப்பணிப் பயணத்துக்கென்று துறைகளிலேயே சிறு நிதி இருப்பதுண்டு. அலுவலகத்தில் போய்க் கேட்டால்தான் தெரியவரும்.

பட்டம் வாங்கியதும் களத்து மனிதர்களோடு தொடர்பை விட்டுவிடலாமா?

அவர்களுக்கு என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆய்வேட்டின் பிரதியைத் தருவதாகச் சொல்லியிருந்தால் கொடுங்கள். அவர்கள் வாசிக்கும் மொழியில் நான்கைந்து பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. சிலர் ‘நான் இப்படிச் சொல்லவே இல்லை’ என்பார்கள். வாக்குவாதம் செய்யாமல் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டை ஒரு கட்டுரையாகப் பின்னால் வெளியிட நினைத்தால், அந்த மறுப்புக்கும் அதில் இடம் வேண்டும். ஒலிப்பதிவுகளை அழிப்பதாகப் படிவத்தில் தேதி போட்டிருந்தால் அந்தத் தேதியில் அழித்துவிட்டு, அழித்த விவரத்தை நெறியாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.